கெர்னலின் இயந்திரக் கட்டளைகளை ஓடவிடாமலே ஆராய்வது எப்படி

தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. அந்த வெட்டாற்றுப் பாசனத்தில், எங்கள் ஊர் வாய்க்காலின் தலைப்பு மதகுக்கு அருகே, நீர்மட்டத்தை அளந்து பதிவுசெய்யும் சிறிய கணினிப் பெட்டி ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து வைத்தோம். அது லினக்ஸ் ஓடும் 64-பிட் இன்டெல் வகைப் பெட்டி. நீர்மட்டத்தை அளக்கும் உணரி கம்பி வழியாக அதில் இணைந்திருக்கும். லினக்ஸின் மையப் பகுதி கெர்னல்; அதோடு தேவைக்கேற்ப ஏற்றிச் சேர்க்கும் துண்டு நிரல் மாட்யூல். உணரியைப் படிக்கும் கெர்னல் மாட்யூலைப் பெட்டியை விற்றவர்களே போட்டுக் கொடுத்திருந்தார்கள். குறுவை முழுவதும் குறையில்லாமல் அளந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் இரவு நேரங்களில் பதிவு நின்றுபோகத் தொடங்கியது. அளவைப் படிக்கும் நிரல், கொல்லவும் முடியாத டி நிலை உறக்கத்தில் கிடந்தது. பணி 120 விநாடிகளுக்கு மேல் முடங்கியிருக்கிறது என்ற எச்சரிக்கை கெர்னல் பதிவில் இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் ஓடும்; மறுபடி நிற்கும்.

மூல நிரலைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படித்தோம். அதில் பிழை இல்லை. உண்மையாகவே இல்லை. ஆனால் கணினி மூல நிரலை ஓட்டுவதில்லை; கம்பைலர் ஆக்கித் தந்த பைட்களைத்தான் ஓட்டுகிறது. ஆகவே அந்த பைட்களையே படிப்பது என்று முடிவு செய்தோம். அந்தப் படிப்பு முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். சி மொழி ஓரளவு தெரிந்த, லினக்ஸ் முனையத்தில் பழகிய எவரும் இதைச் செய்ய முடியும்.

நிலைப் பகுப்பாய்வு என்பது நிரலை ஓட்டாமலே ஆராய்வதாகும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும் முன்பு, காய்ந்து கிடக்கும் வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைமடை வரை நடந்து பார்க்கிறோம் அல்லவா? தண்ணீர் வந்த பிறகு கரையில் நின்று பார்ப்பவருக்கு அன்றைய நாளில் தண்ணீர் போன கிளை மட்டும்தான் தெரியும். காய்ந்த வாய்க்காலில் நடப்பவரோ எல்லாக் கிளையிலும் இறங்கலாம். பத்து வருடங்களுக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் ஏறும் வடிகாலையும் பார்த்துவிடலாம். கெர்னலில் இதன் பயன் பெரிது. பிழை கையாளும் கிளைகள் அங்கே ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை நாள்தோறும் ஓடுவதில்லை. ஓடும் நாளில் தவறினால் ஒரு நிரல் மட்டுமல்ல, கணினியே நின்றுவிடும்.

முதல் வேலை, படிக்கப்போகும் கோப்பும் பெட்டியில் ஓடுவதும் ஒன்றுதானா என்று உறுதி செய்வது. இதில் நான் இரண்டு இரவுகளை இழந்திருக்கிறேன். பெட்டியோடு ஒரு நினைவுக்குச்சியில் வந்த மாட்யூல் கோப்பை அலசிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்ததோ அதற்கு முந்தைய ஒன்று. அதனால் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்று நினைக்கிறேன். கெர்னலுக்கும் மாட்யூலுக்கும் பில்ட் ஐடி என்ற அடையாள எண் உண்டு. கோப்பில் உள்ளதை ரீட்எல்ஃப் கருவி, நோட்ஸ் பகுதியைக் காட்டும் விருப்பத்துடன், சொல்லிவிடும். ஓடும் கெர்னலின் எண் சிஸ் கோப்பகத்தில் கெர்னல் என்பதன் கீழுள்ள நோட்ஸ் கோப்பிலும், ஓடும் மாட்யூலின் எண் அதே சிஸ் கோப்பகத்தில் மாட்யூல் பெயருக்குக் கீழுள்ள நோட்ஸ் கோப்பகத்திலும் இருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மாட்யூல் எந்தக் கெர்னலுக்காகக் கட்டப்பட்டது என்பதை மாட்இன்ஃபோ கட்டளை காட்டும் வெர்மேஜிக் வரியிலும், எந்தக் கம்பைலரால் கட்டப்பட்டது என்பதை எல்ஃப் (லினக்ஸில் நிரல் கோப்புகளின் வடிவம்) கோப்பின் கமென்ட் பகுதியிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மூலத்திலிருந்து வேறு கம்பைலர் பதிப்பு வேறு கட்டளைகளை ஆக்கும்.

கெர்னலையே ஆராய்வதானால் இன்னொரு படி உண்டு. பூட் கோப்பகத்தில் இருப்பது இசட் எழுத்தில் முடியும் பெயருடைய, சுருக்கப்பட்ட கோப்பு. கருவிகள் அதை அப்படியே படிக்கா. கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்பகத்தில் உள்ள எக்ஸ்ட்ராக்ட் வி.எம்.லினக்ஸ் என்ற சிறு நிரல் அதை விரித்து, எக்ஸ் எழுத்தில் முடியும் எல்ஃப் கோப்பாகத் தரும். பெயர்ப்பட்டியல் அதில் நீக்கப்பட்டிருந்தால், உடன் வரும் சிஸ்டம் மேப் கோப்பில் முகவரியும் பெயரும் கிடைக்கும். 64-பிட் இன்டெல் கெர்னலில் கட்டளைகள் வழக்கமாக எட்டு எஃப்களை அடுத்து 81000000 என்று வரும் முகவரியில் தொடங்குகின்றன. ஓடும் கெர்னல், பாதுகாப்பு கருதி, ஒவ்வொரு தொடக்கத்திலும் இதிலிருந்து ஓர் அளவு தள்ளி அமரும். ஆகவே ஓடும் கெர்னல் தந்த முகவரியைக் கோப்பில் தேடும்போது அந்த அளவைக் கழித்துவிட்டுத் தேட வேண்டும். மாட்யூல்களும் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கும். விரித்த பிறகே திறக்க முடியும்.

இனி கட்டளைகளை விரித்துப் பார்க்கலாம். ஆப்ஜ்டம்ப் கருவியே போதும். கட்டளைகளைப் பிரித்துக் காட்டும் டி விருப்பத்தையும் ரீலொகேஷன்களைக் காட்டும் ஆர் விருப்பத்தையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் மாட்யூலிலிருந்து வெளியே போகும் அழைப்புகளெல்லாம் தமக்கு அடுத்த கட்டளையை நோக்கியே போவதுபோல் தெரியும். காரணம் எளியது: மாட்யூல் இன்னும் கெர்னலோடு இணைக்கப்படவில்லை, போக வேண்டிய இடம் அடுத்த கட்டளையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது நான்கு பூச்சிய பைட்களாக விடப்பட்டிருக்கிறது, அந்த இடத்தில் யாருடைய முகவரியை நிரப்ப வேண்டும் என்பதுதான் ரீலொகேஷன். அழைப்புக் கட்டளையின் முதல் பைட் கட்டளையைக் குறிப்பதால், ரீலொகேஷனின் இடம் எப்போதும் கட்டளையின் இடத்துக்கு ஒன்று தள்ளியே வரும்.

இன்டெல் வகைக் கட்டளைகளின் நீளம் 1 முதல் 15 பைட் வரை மாறும். ஆர்ம் 64-பிட் கணினியில் எல்லாக் கட்டளையும் 4 பைட். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருங்கள். ஆப்ஜ்டம்ப் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாகப் படிக்கும் கருவி. இடையில் தரவு பைட்கள் கிடந்து, ஒரே ஒரு பைட் தவறி அடி வைத்தாலும், அடுத்த சில வரிகள் பொருளற்ற கட்டளைகளாகத் தெரியும். 2019-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை பொதுவில் வெளியிட்ட கித்ரா போன்ற கருவிகள் கிளைகளைப் பின்தொடர்ந்து படிப்பதால் இந்தச் சிக்கலில் குறைவாகவே விழுகின்றன. படமாகவும் வரைந்து காட்டுகின்றன. ஆனாலும் முதல் சில ஃபங்ஷன்களை வெறும் பட்டியலாக, பென்சிலும் தாளுமாகப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. கித்ரா காட்டும் சி வடிவம் ஓர் ஊகம், பைட் ஊகமல்ல.

தெரிந்திருக்க வேண்டிய மரபு குறைவுதான். அழைக்கும்போது முதல் ஆறு மதிப்புகளும் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற ரெஜிஸ்டர்களில், அதாவது செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்களில், இந்த வரிசையில் போகும். விடை ஆர்ஏஎக்ஸில் வரும். அதன் கீழ்ப்பாதிக்கு ஈஏஎக்ஸ் என்று பெயர்; ஆர்பிபி-யின் கீழ்ப்பாதி ஈபிபி. ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை உள்ளவற்றை எடுத்துப் பயன்படுத்தும் ஃபங்ஷன், திரும்பும்முன் பழைய மதிப்பை மீட்டுவைக்க வேண்டும். அதற்காகத்தான் தொடக்கத்தில் மதிப்பை ஸ்டாக் என்ற நினைவக அடுக்கில் வைக்கும் புஷ், முடிவில் அதைத் திரும்ப எடுக்கும் பாப்.

இப்போது எங்கள் மாட்யூலின் படிப்பு ஃபங்ஷனைப் பார்ப்போம். இடது ஓரத்தில் ஃபங்ஷன் தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவு, பதினாறின் அடிமான எண்ணில். பத்து முதல் பதினைந்து வரைக்கும் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று எழுதியிருக்கிறேன். கால் என்பது அழைப்பு, மூவ் என்பது மதிப்பை நகலெடுப்பது, டெஸ்ட் என்பது மதிப்பைச் சோதிப்பது. மியூடெக்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு.

00 : கால் ஃபென்ட்ரி
05 : புஷ் ஆர்பிபி
06 : புஷ் ஆர்பிஎக்ஸ்
07 : மூவ் ஆர்டிஐ-யிலிருந்து ஆர்பிஎக்ஸுக்கு
0ஏ : மூவ் பூட்டின் முகவரி ஆர்டிஐ-க்கு
11 : கால் மியூடெக்ஸ் லாக்
16 : மூவ் ஆர்பிஎக்ஸிலிருந்து ஆர்டிஐ-க்கு
19 : கால் உணரியைப் படிக்கும் ஃபங்ஷன்
1ஈ : டெஸ்ட் ஈஏஎக்ஸ், ஈஏஎக்ஸ்
20 : மதிப்பு எதிர்மமானால் 32-க்குத் தாவு
22 : மூவ் ஈஏஎக்ஸிலிருந்து ஈபிபி-க்கு
24 : மூவ் பூட்டின் முகவரி ஆர்டிஐ-க்கு
2பி : கால் மியூடெக்ஸ் அன்லாக்
30 : மூவ் ஈபிபி-யிலிருந்து ஈஏஎக்ஸுக்கு
32 : பாப் ஆர்பிஎக்ஸ்
33 : பாப் ஆர்பிபி
34 : திரும்புவதற்கான இடைநிலைத் துண்டுக்குத் தாவு

20-ஆம் இடத்தில் நில்லுங்கள். அங்கே இருப்பவை 78, 10 என்ற இரண்டே பைட்கள். 78 என்பது எதிர்ம மதிப்பானால் தாவு என்னும் கட்டளை. 10 என்பது அடுத்த கட்டளையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது. அடுத்த கட்டளை 22-இல் இருக்கிறது. 22-உடன் 10-ஐக் கூட்டினால் 32. கருவி சொல்வதை நம்பாமல் ஒருமுறை நீங்களே இப்படிக் கூட்டிப் பாருங்கள். அதன்பின் எந்தத் தாவலும் மிரட்டாது.

இந்த ஃபங்ஷனில் இரண்டு வழிகள் இருக்கின்றன. உணரி சரியான அளவைத் தந்தால் 22 முதல் நேராக ஓடி, 2பி-யில் பூட்டைத் திறந்து, திரும்பிவிடும். உணரி பிழை எண்ணைத் தந்தால் 20-இலிருந்து 32-க்குத் தாவி, பூட்டைத் திறக்காமலே திரும்பிவிடும். அடுத்த முறை படிக்க வரும் நிரல் 11-இல் பூட்டுக்காகக் காத்து நிற்கும். திறப்பார் யாரும் இல்லை. மழைநீர் இறங்கிக் கம்பி இணைப்பு ஒரு கணம் விட்டுப்போன இரவுகளில் நடந்தது இதுதான். மூல நிரலில் பிழைக் கிளையிலும் பூட்டைத் திறக்கும் வரி தெளிவாக இருந்தது. எங்களுக்குத் தரப்பட்டது திருத்திய மூலம். பெட்டியில் இருந்தது திருத்தாத மாட்யூல்.

இதை எந்த ஃபங்ஷனுக்கும் பொதுவாகச் செய்யும் முறையைச் சொல்கிறேன். தாவல் கட்டளை இருக்கும் இடங்களிலும், தாவல் வந்து சேரும் இடங்களிலும் பட்டியலைக் கோடு போட்டு வெட்டுங்கள். வெட்டுகளுக்கு இடைப்பட்டவை பாகங்கள். ஒவ்வொரு பாகத்திலிருந்தும் அடுத்து எங்கெங்கே போகலாம் என்று அம்புக்குறி இடுங்கள். பிறகு எதைச் சோதிக்கிறீர்களோ, பூட்டோ, ஒதுக்கிய நினைவகமோ, நிறுத்திவைத்த குறுக்கீடோ, அதன் நிலையைத் தலைப்பில் எழுதி, ஒவ்வொரு அம்பு வழியாகவும் கீழே கொண்டுசெல்லுங்கள். ஒரு பாகத்துக்கு இரண்டு வழியில் வந்து, ஒன்றில் பூட்டியும் மற்றதில் திறந்தும் இருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். எங்கள் பட்டியலில் 32 அப்படிப்பட்ட இடம். பின்னோக்கித் தாவும் சுற்றில், நிலை மாறாமல் நிலைக்கும்வரை மட்டும் சுற்றினால் போதும்.

ஸ்டாக்கைப் பொறுத்தவரை இந்த நடையைக் கெர்னல் கட்டும்போதே ஒரு கருவி செய்துவிடுகிறது. ஜோஷ் பாய்ம்போஃப் எழுதி, 2016-இல் வெளிவந்த 4.6 பதிப்பில் சேர்ந்த ஆப்ஜ்டூல் அது. மூலத்தைத் தொடாமல், கம்பைலர் ஆக்கிய கோப்பில் உள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எல்லாக் கிளையிலும் நடந்து, புஷ்ஷும் பாப்பும் ஒத்துவருகின்றனவா, திரும்பும் இடத்தில் ஸ்டாக் தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. அந்த நடையில் கிடைத்த விவரத்தைக் கொண்டே, 2017-இன் 4.14 பதிப்பிலிருந்து ஓ.ஆர்.சி என்ற அட்டவணையையும் ஆக்குகிறது. கெர்னல் முறியும்போது அழைப்புச் சங்கிலியைப் பின்னோக்கிப் படிக்க அது உதவுகிறது. 2019-இன் 5.2 முதல், பயனர் நினைவகத்தைத் தொட அனுமதி திறந்திருக்கும் இடைவெளியில், அதாவது ஸ்டாக் என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத எஸ்.டி.ஏ.சி கட்டளைக்கும் சி.எல்.ஏ.சி கட்டளைக்கும் நடுவில், வேறு ஃபங்ஷன் அழைக்கப்படுகிறதா என்றும் பார்க்கிறது. ஆப்ஜ்டூல் தரும் எச்சரிக்கையைக் கட்டுமானத்தின் இரைச்சல் என்று தள்ளிவிடாதீர்கள். ஆனால் எங்கள் மாட்யூலை அது குறை சொல்லாது: 32-க்குத் தாவினாலும் இரண்டு புஷ்ஷுக்கு இரண்டு பாப் சரியாக இருக்கிறது. அது மியூடெக்ஸைக் கவனிக்கும் கருவி அல்ல. எந்தக் கருவி எதைக் கவனிக்கிறது என்று தெரிந்து பயன்படுத்துவதே முக்கியம்.

பட்டியலில் அம்புக்குறியாகத் தெரியாத வழிகளும் கெர்னலில் உண்டு. பொறுமை தேவைப்படுவது இங்கேதான். பயனர் நினைவகத்தை நகலெடுக்கும் கட்டளை தவறினால், கட்டுப்பாடு வேறோர் இடத்துக்குப் போகும். அந்த இடம் எக்ஸ் டேபிள் என்ற தனிப் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். கட்டளைகளுக்கிடையில் தாவல் எதுவும் தெரியாது. ஆகவே அந்த அட்டவணையைப் படித்து, உரிய கட்டளையின் பக்கத்தில் ஓர் அம்பை நீங்களே வரைய வேண்டும். அதேபோல் 0எஃப், 0பி என்ற இரண்டு பைட்கள் கண்ணில் பட்டால் அது யூடி2. பெரும்பாலும் மூலத்தில் உள்ள பக் அல்லது வார்ன் சோதனையின் இடம். வார்ன் வகையானால் கட்டுப்பாடு அடுத்த கட்டளையில் தொடரும்; பக் வகையானால் தொடராது. எது என்பதைப் பக் டேபிள் பகுதி சொல்லும்.

பானிக் போல அழைத்தால் திரும்பாத ஃபங்ஷன்களுக்குப் பின்னால் அம்பு வரையக் கூடாது. வரைந்தால் அடுத்த ஃபங்ஷனுக்குள் நடந்துபோய், இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஃபங்ஷனின் எல்லையும் ஏமாற்றும். ஜிசிசி கம்பைலர், அரிதாக ஓடும் பகுதியை வெட்டி எடுத்து, அதே பெயரோடு கோல்டு என்ற ஒட்டைச் சேர்த்து வேறு பகுதியில் வைத்துவிடும். நாம் தேடும் பிழைக் கிளை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதன்மைப் பகுதியை மட்டும் படித்துவிட்டு முடித்தேன் என்று எழுந்துவிட்டால் பாதி வாய்க்காலைத்தான் நடந்திருக்கிறோம். மூலத்தில் உள்ள சிறு ஃபங்ஷன் பட்டியலில் காணவில்லை என்றால், அழைத்த இடத்திலேயே கரைந்திருக்கும். தேடி அலைய வேண்டாம்.

மறைமுக அழைப்புதான் உண்மையில் கடினமானது. கெர்னல் முழுவதும் ஃபங்ஷன் முகவரிகளை அட்டவணையில் வைத்து அழைக்கும் பழக்கத்தில் கட்டப்பட்டது. ஒரு கோப்பைத் திறக்க, படிக்க, மூட எந்த ஃபங்ஷன் என்பது ஃபைல் ஆபரேஷன்ஸ் அட்டவணையில் இருக்கும். பட்டியலில் நாம் காண்பது, ஒரு ரெஜிஸ்டரில் உள்ள முகவரிக்குப் போ என்பது மட்டுமே. ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாட்டுக்கு எதிரான காப்பு சேர்ந்த கெர்னலில் அதுவும் இன்டைரக்ட் தங்க் என்ற இடைநிலைத் துண்டுக்கான அழைப்பாகத் தெரியும். எங்கே போகும் என்பதை அந்த வரி சொல்லாது. ஆனால் போகக்கூடிய இடங்களின் பட்டியலை நாம் தயாரிக்கலாம். தரவுப் பகுதிகளின் ரீலொகேஷன்களை ரீட்எல்ஃபால் எடுத்து, அவற்றில் கட்டளைப் பகுதியைச் சுட்டுபவற்றை மட்டும் பிரித்தால், அட்டவணையில் வைக்கப்பட்ட எல்லா ஃபங்ஷன்களும் வந்துவிடும். எங்கள் மாட்யூலில் அப்படி நான்கே நான்கு கிடைத்தன. படிக்கும் ஃபங்ஷனைக் கெர்னலின் வேறு எந்த இடத்திலிருந்து அழைப்பார்கள் என்ற கேள்வி அதோடு தீர்ந்தது.

இன்னும் ஒன்று. கோப்பில் உள்ள கட்டளைகளும் நினைவகத்தில் ஓடும் கட்டளைகளும் முழுதும் ஒன்றல்ல. மேலே 00-இல் உள்ள ஃபென்ட்ரி அழைப்பு, மாட்யூல் ஏற்றப்படும்போதே ஒன்றும் செய்யாத 5 பைட் கட்டளையாக மாற்றப்படும். தடம் பார்க்க விரும்பும்போது மீண்டும் அழைப்பாகும். ஜம்ப் டேபிள் பகுதியில் குறிக்கப்பட்ட இடங்களில், ஒன்றும் செய்யாத கட்டளை பின்னொரு நாள் தாவலாக மாறலாம். பலகை போட்டு அடைத்த மதகு அது. மதகைக் கவனிக்கும் லஸ்கர் வந்து பலகையை எடுத்தால் தண்ணீர் போகும், ஆகவே நடப்பவர் அந்தக் கிளையிலும் இறங்க வேண்டும். ஆல்ட் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் பகுதியோ, செயலியின் திறனைப் பார்த்து ஒரு கட்டளைத் தொகுதிக்குப் பதிலாக வேறொன்றை வைப்பதற்கானது. இரண்டு வடிவங்களையும் தனித்தனியாகப் படித்தாக வேண்டும்.

கெர்னல் முழுமைக்கும் விரைவாகச் செய்யத்தக்க ஒரு சோதனை, ஸ்டாக் அளவு. 2014-இன் 3.15 பதிப்பு முதல் 64-பிட் இன்டெல் கெர்னலில் ஒவ்வொரு பணிக்கும் 16 கிலோபைட் ஸ்டாக்தான். ஸ்டாக்கின் நுனியைச் சுட்டும் ஆர்எஸ்பி ரெஜிஸ்டரிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கும் கட்டளை எந்த ஃபங்ஷனில் இருக்கிறது என்று, ஆப்ஜ்டம்ப் தந்த பட்டியலை ஸ்கிரிப்ட்ஸ் கோப்பகத்தின் செக்ஸ்டாக் நிரலுக்குள் செலுத்தினால் வரிசைப்படுத்திக் காட்டிவிடும். பிற்பகலில் கால்மணி நேரம் இதற்குப் போதும்.

எங்கள் பெட்டிக்கு வருவோம். கையிலிருந்த திருத்திய மூலத்தை, அந்தப் பெட்டியின் கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புகளுடனும் அதே கம்பைலர் பதிப்புடனும் புதிதாகக் கட்டினோம். ஏற்றுவதற்கு முன் அதையும் பிரித்துப் பார்த்தோம். 1ஈ-யில் இருந்த டெஸ்ட் கட்டளையும் 20-இல் இருந்த தாவலும் இல்லை. இரண்டு கிளையும் இப்போது பூட்டைத் திறந்துவிட்டே திரும்ப வேண்டும் என்பதால், கிளையே தேவையில்லை என்று கம்பைலர் கண்டு, ஒரே வழியாக ஆக்கியிருந்தது. பெயர்ப்பட்டியலில் ஃபங்ஷனின் அளவு 57 பைட்டிலிருந்து 53 பைட்டாகக் குறைந்திருந்தது. டெஸ்ட் இரண்டு பைட், தாவல் இரண்டு பைட், கணக்கு நேரானது. புதிய பில்ட் ஐடியை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டு மாட்யூலை ஏற்றினோம். பிறகு உணரியின் கம்பியை நாங்களே பிடுங்கினோம். பிழை எண் வந்தது. மறுபடி செருகியதும் நீர்மட்டம் வந்தது.